தையல் கேள்வி பதில்: கூறைப்புடவையில் ஒரு கூந்தல் வளையம்

கேள்வி: என் மாமியார் தம் திருமணத்தில் உடுத்திய கூறைப்புடவை மடிப்புகளில் விட்டுப்போய்விட்டது. அந்தப் புடவையிலிருந்து, கொண்டையைச் சுற்றிப் போடும் பழைய பாணிச் சுருக்குத் துணி வளையம் ஒன்றைத் தைத்து என் மகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். வீட்டில் தையல் இயந்திரம் இல்லை. கைத்தையல் தாங்குமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தாங்கும். இயந்திரம் இல்லாததை ஒரு குறையாகவே நினைக்க வேண்டாம். நைந்த பட்டில் இயந்திர ஊசி நெருக்கமாகக் குத்திக்கொண்டே போனால், தபால்தலையின் ஓரம்போல் அந்தத் துளைகளின் வழியே துணி கிழிந்து வரும். நீங்கள் கேட்கும் வளையம், அமெரிக்காவின் ரோமி ரெவ்சன் 1987இல் காப்புரிமை பெற்ற ‘ஸ்க்ரஞ்சி’தான். பின்னலின் நுனியில் சும்மா தொங்கும் நம் குஞ்சலத்தைப் போன்றதன்று இது. கொண்டையின் அடியை இறுக்கிப் பிடிப்பதால், ஒவ்வொரு முறை மாட்டிக் கழற்றும்போதும் துணியின் மேல் இழுவை விழும்.

ஆகவே, தைப்பதைக் காட்டிலும் எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். முந்தானை அழகாக இருக்கிறதே என்று அதில் கத்தரி வைத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்த முதல் வளையம் மூன்றாம் நாளே பிளந்துபோயிற்று. கொசுவத்தின் உட்பக்கமாகச் சென்று, வெயிலும் வியர்வையும் அதிகம் படாத பகுதியை எடுத்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கிடையே கீற்றுக்கீற்றாக வெளிச்சம் தெரியும் இடங்களை ஒதுக்குங்கள். மீதமுள்ள இடத்தை இரு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, முதலில் பாவின் (நீள இழைகளின்) போக்கிலும் பிறகு ஊடையின் (குறுக்கு இழைகளின்) போக்கிலும் மெல்ல இழுங்கள். ‘சர்’ என்று சிறு ஓசை கேட்டாலும் அந்த இடம் உதவாது. சரிகைக் கரையையும் விட்டுவிடுங்கள். வெட்டிய சரிகை பிரிந்துகொண்டே வருவதோடு முடியிலும் சிக்கும்.

மயிலாடுதுறைக் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த புடவை உங்களுடையது என்றால், அதன் கட்டங்களே உங்களுக்கு அளவுகோல். கட்டத்தின் கோட்டை ஒட்டியே 22 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள பட்டையாக வெட்டுங்கள். அதே அளவில் பழைய மல் துணி ஒன்றை அடியில் வைத்து, ஓரங்களில் நீண்ட ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் சேர்த்துவிடுங்கள். இனி இழுவையைத் தாங்கப் போவது இந்த மல் துணிதான். பட்டு அழகுக்கு மட்டுமே.

நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு நீளவாக்கில் மடித்து, விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பின்தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னே எடுக்கும் தையல்) போடுங்கள். மெல்லிய ஊசியும், ஒற்றை இழைப் பருத்தி நூலும் போதும். பாலியெஸ்டர் நூல் பழைய பட்டுத் துணியை அறுத்துவிடும். அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையலுக்கு மேல் வேண்டாம். இரு முனைகளிலும் இரண்டிரண்டு அங்குலம் தைக்காமல் விட்டு, ஊக்கைக் கோத்துக் குழாயை வெளிப்புறமாகத் திருப்புங்கள். பிறகு இரு முனைகளையும் முறுக்கு விழாமல் நல்ல பக்கங்கள் ஒட்டுமாறு வைத்துத் தைத்தால் வளையமாகிவிடும். அதன் பக்கத்தில் எஞ்சிய திறப்பின் வழியே, கால் அங்குல அகலமுள்ள 7 அங்குல எலாஸ்டிக்கை ஊக்கில் மாட்டிச் செலுத்துங்கள். அதன் மறுமுனையைத் திறப்பின் ஓரத்திலேயே துணியோடு ஊக்கு குத்தி நிறுத்த மறக்காதீர்கள். அது உள்ளே போய்விட்டால் எல்லாவற்றையும் வெளியே இழுத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். எலாஸ்டிக்கின் இரு முனைகளையும் அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தமாகத் தையுங்கள். திறப்பின் ஓரங்களை உள்ளே மடித்து, மடிப்புக்குள்ளேயே ஊசியை ஓட்டி மறைதையலால் மூடுங்கள். மகளுக்கு முடி அடர்த்தி என்றால் எலாஸ்டிக் 8 அங்குலம் இருக்கட்டும்.

கேள்வி: நான் தைத்த வளையங்கள் இரண்டே மாதத்தில் தொய்ந்துவிடுகின்றன. எலாஸ்டிக் மட்டமானதா?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: எலாஸ்டிக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் தலையில் வைக்கும் எண்ணெயை நினைத்துப் பாருங்கள். எலாஸ்டிக்கில் உள்ள ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிப் பிடிப்பை இழக்கும். கொடியில் வெயில்பட உலர்த்துவது அதை இன்னும் விரைவுபடுத்தும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள்களில் சாதாரணக் கயிற்றால் முடிந்துகொள்ளுங்கள். வளையத்தை ஷாம்பு கலந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். அடுத்த முறை தைக்கும்போது, திறப்பை மூடும் மறைதையலை மட்டும் வேறு நிற நூலால் போட்டு வையுங்கள். எலாஸ்டிக் மாற்ற வேண்டிய நாளில் எந்த நூலை அறுப்பது என்று தேட வேண்டியிருக்காது.