குதிரை நொண்டுகிறதா? முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, குதிரை லேசாக நொண்டுகிறது. எந்தக் கால் என்றே பிடிபடவில்லை.

பதில்: கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளரப் பிடித்து, ஒருவரை நேராக மெல்ல ஓட்டி வரச் சொல்லுங்கள். நடையில் மறைகிற நொண்டல் ஓட்டத்தில் தெரிந்துவிடும். தலையைக் கவனியுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல காலுக்குக் கட்டுப் போடுபவர்கள் உண்டு! பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கிற பக்கம் அதிகமாக ஏறி இறங்கும்.

சும்மா நிற்கும்போது பின்னங்காலை மாற்றி மாற்றித் தளர்த்தி வைப்பது இயல்புதான். ஒரு முன்னங்காலை நீட்டி வைத்துக்கொண்டே நின்றால்தான் சந்தேகம்.

கேள்வி: நேற்று மாலை நன்றாக இருந்தது. இன்று காலையில் ஒரு முன்னங்காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது. வீக்கமும் இல்லை. எலும்பு முறிவா?

பதில்: இருக்கலாம் என்பதால் மருத்துவர் வரும்வரை நடத்தாதீர்கள். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக இப்படி ஆனால் எனக்கு முதலில் தோன்றுவது குளம்புக்குள் சீழ். முன்னங்கால் நொண்டலில் பெரும்பாலானவை குளம்பில்தான் தொடங்குகின்றன. நாமோ தோள்பட்டையைத் தடவிக்கொண்டிருப்போம்.

குளம்பைத் தொட்டுச் சூட்டை மற்றக் காலோடு ஒப்பிடுங்கள். அப்புறம் கணுவின் பின்புறம், இரு ஓரத்திலும் விரலை லேசாக வையுங்கள். நல்ல காலில் நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். சீழ் கட்டிய காலிலோ விரலை உதைக்கிற மாதிரித் துடிக்கும். குளம்பு கெட்டி ஓடு. உள்ளே சீழ் சேர்ந்தால் விரிய இடமில்லை, அதனால்தான் அவ்வளவு வலி. மருத்துவரோ லாடக்காரரோ சிறு துளையிட்டு வடித்துவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காலை ஊன்றும். நீங்களே கத்தியால் தோண்ட வேண்டாம்.

கேள்வி: உள்ளங்குளம்பில் ஆணி ஏறியிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

பதில்: மருத்துவர் சீக்கிரம் வருவார் என்றால் பிடுங்காதீர்கள். ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு ஆழம், எதைத் தொட்டிருக்கிறது என்று தெரியும். நடுப்பகுதியில் ஏறியிருந்தால் உள்ளே மூட்டும் தசைநாணும் இருப்பதால் அது அவசரம். காலை ஊன்ற ஊன்ற ஆணி இன்னும் ஆழமாக இறங்கும் என்றால் மட்டும் எடுத்துவிட்டு, ஏறிய இடம், சாய்வு, நீளத்தைக் குறித்து வையுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குதிரைக்கு அந்த நோய் எளிதில் வரும்.

கேள்வி: வீட்டில் வலி மருந்து இருக்கிறது. மருத்துவர் வரும்வரை கொடுக்கலாமா ஐயா?

பதில்: அவரிடம் போனில் கேட்காமல் கொடுக்காதீர்கள். வலி மறைந்தால் நொண்டலும் மறையும். அவர் எதைப் பார்ப்பார்? குதிரையும் அடிபட்ட காலையே அழுத்தி நடக்கும். ஃபினைல்பியூட்டசோன் போன்றவை அளவு மீறினால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு. ஒரே வகையில் இரண்டைச் சேர்த்துக் கொடுப்பது இன்னும் மோசம்.

கேள்வி: காலையில் இரண்டு பின்னங்கால்களும் வீங்கியிருக்கின்றன. வலி இல்லை.

பதில்: ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்றதால் இருக்கும். கொஞ்சம் நடத்தினால் வடியும். ஒரு கால் மட்டும் சூடாக வீங்கி, உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஓட்டத்துக்குப் பிறகு முன்னங்கால் தசைநாண் வீங்கிச் சூடாக இருக்கிறது. எப்போது மறுபடி ஏறலாம்?

பதில்: இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். முதல் இரண்டு நாள், ஒரு நாளைக்குச் சில தடவை, தடவைக்கு 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். பிறகு துடைத்து, தடித்த பஞ்சு விரிப்பு வைத்து, சீரான இறுக்கத்தில் கட்டுங்கள். பஞ்சில்லாமல் இறுக்கினால் கட்டே தசைநாணைக் கெடுக்கும். எதிர்க்காலுக்கும் கட்டு வேண்டும், பாரம் முழுக்க அதில்தானே விழுகிறது.

வீக்கம் வடிந்ததும் ஆறிவிட்டதாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை, தசைநாணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. பெரிய கிழிசல் ஆற 9 முதல் 12 மாதம் ஆகும். ஸ்கேனைப் பார்த்து, கையில் பிடித்து நடத்தும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்வார்கள். அந்த அட்டவணையை லாயக் கதவிலேயே ஒட்டி வையுங்கள். குதிரை துள்ளுவதைப் பார்த்து அவசரப்படுவது நாம்தான்.