குழந்தைக்கு மாதக்கணக்கில் ஆறாத கட்டியா? சரும மருத்துவர் பதில்கள்

என் 9 வயது மகனுக்கு வாய்க்காலில் மீன் பிடிக்கும்போது விரலில் கெளுத்தி முள் குத்தியது. காயம் ஆறி, மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் சிவப்பாகக் கட்டி வந்தது. இப்போது முன்கையில் வரிசையாக இன்னும் மூன்று. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை. வலியோ காய்ச்சலோ இல்லை.
– வாசகி, மன்னார்குடி

வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள் அம்மா. சாதாரண வேனல் கட்டி பத்து நாளில் பழுத்து உடையும், அல்லது மருந்துக்கு அடங்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மைக்கோபாக்டீரியம் மெரினம் என்ற கிருமியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. ஆனால் தண்ணீரிலும் மீனிலும் வாழ்வது. வீட்டு மீன் தொட்டியிலிருந்தும் வரும். சுமார் 30 டிகிரி சூட்டில்தான் செழித்து வளரும் என்பதால் கை, முழங்கை, முழங்கால் போன்ற குளிர்ந்த இடங்களிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். நிணநீர்க் குழாய் வழியாக மேலேறுவதால்தான் கட்டிகள் வரிசை கட்டுகின்றன.

ஒருவகைப் பூஞ்சைத் தொற்றும் இதே மாதிரி வரிசையாக வரும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. தோலில் சிறு துண்டு எடுத்து பயாப்சி, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இரண்டுக்கும் அனுப்ப வேண்டும். லேப் சீட்டில் "மீன் முள் குத்தியது" என்று எழுதச் சொல்லுங்கள். வழக்கமான 37 டிகிரியில் வைத்தால் இந்தக் கிருமி சரியாக வளராது. "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட் வந்துவிடும். சீட்டில் அந்த ஒரு வரி இருந்தால், 30 டிகிரியிலும் வைத்துப் பார்ப்பார்கள்.

உறுதியானால் கிளாரித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எதாம்பியூட்டால் இவற்றில் இரண்டைச் சேர்த்து, பெரும்பாலும் மூன்று நான்கு மாதம் கொடுப்போம். கட்டி மறைந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடர வேண்டும். அதுவரை மஞ்சள், சுண்ணாம்புப் பத்து வேண்டாம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கி, நோயை அடையாளம் தெரியாமல் செய்துவிடும்.

மூன்று வயதுப் பேத்திக்குக் கழுத்தில் நெறி கட்டி, மேல்தோல் ஊதா நிறமானது. கீறிவிட்டார்கள், இன்னும் கசிகிறது. மாண்டூ (காசநோய்க்கான தோல் ஊசிச் சோதனை) பாசிட்டிவ். காசநோய்தானா?
– வாசகர், கும்பகோணம்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் பங்காளிகளாலும் மாண்டூ பாசிட்டிவ் ஆகும். நம் மாநிலத்தில் அவை நிறையவே உண்டு. 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. ஆய்வில் இந்தக் காசநோய்த் தடுப்பூசி எதிர்பார்த்த பலன் தராததற்கு, மக்கள் ஏற்கெனவே இவற்றோடு பழகியிருந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

ஐந்து வயதுக்குள், குழந்தை நன்றாக ஓடியாடும்போதே கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் நெறி கட்டுவது இந்தப் பங்காளிக் கிருமிகளின் வழக்கம். கீறினால் இப்படித்தான் மாதக்கணக்கில் கசியும். நெறியை முழுதாக அறுவை செய்து எடுப்பதே நல்ல வழி. ஆனால் நம் நாட்டில் காசநோயை முதலில் விலக்கியாக வேண்டும். ஜீன் எக்ஸ்பர்ட் டெஸ்ட் காசநோய்க் கிருமியை மட்டுமே காட்டும். அதோடு கல்ச்சரும் கேளுங்கள்.

ஊசி போட்ட தொடையில் ஒரு மாதம் கழித்துச் சீழ்க்கட்டி. எடுத்தும் திரும்ப வருகிறது.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

ஊசி, மருந்துக் குப்பி, தண்ணீர் இவற்றின் சுத்தக் குறைவால் வரும், இதே பங்காளிக் கிருமிகளில் வேகமாக வளரும் இனமாக இருக்கலாம். இவற்றில் சில, கிருமிநாசினிக்கும் தாக்குப்பிடிப்பவை. காசநோய் மாத்திரை இதற்குப் பயன்படாது. சீழைக் கொட்டிவிடாமல் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மருந்து கேட்கும் என்பது அதில்தான் தெரியும்.

கைக்குழந்தைக்கு பி.சி.ஜி. போட்ட இடத்தில் சீழ்?
– வாசகி, திருவாரூர்

இயல்புதான். இரண்டு மூன்று மாதத்தில் தானாகத் தழும்பாகும்; எதுவும் தடவ வேண்டாம். அதே பக்க அக்குளில் நெறி பெரிதானால் மட்டும் காட்டுங்கள்.

தம்பி தங்கைக்கு ஒட்டுமா? ஆற்றுக்குளியலை நிறுத்தணுமா?
– வாசகர், மயிலாடுதுறை

தோலில் வரும் இந்தத் தொற்று, ஆளுக்கு ஆள் ஒட்டுவதாகக் கருதப்படுவதில்லை. பள்ளிக்கூடம் போகலாம், ஒரே பாயில் படுக்கலாம். இதற்குப் பயந்து பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்க நான் சொல்லமாட்டேன். ஆறாத சிராய்ப்பு இருந்தால் அது ஆறும்வரை வாய்க்காலும் வேண்டாம், மீன் தொட்டி கழுவுவதும் வேண்டாம். முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கட்டி சில மாதம் கழித்துக்கூட வரலாம், அப்போது நினைவிருக்காது.