ஆன்சன் ஜோன்ஸ்: கேள்வியும் பதிலும்

டெக்ஸஸ் தனிக் குடியரசாக இருந்தபோது அதன் கடைசி அதிபராக இருந்த ஆன்சன் ஜோன்ஸ் ஒரு மருத்துவர் என்று படித்தேன். வருமானமும் நிலமும் இருந்த மனிதர் அரசியலுக்கு வந்து, கடைசியில் தற்கொலை வரை போனதற்கு மண்ணாசையும் பதவியாசையும்தானே காரணம்?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதவியாசை உண்மை. மண்ணாசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அந்த மண் அவருக்குப் போதவில்லை என்பதுதான் கதையே.

மாசசூசெட்ஸில் 1798இல் பிறந்த ஜோன்ஸ், 1820இல் மருத்துவ உரிமம் பெற்ற பிறகும் நியூயார்க் மாநிலத்தில் தொழில் நடக்காமல், மருந்துக் கடை வைத்து நொடித்து, மேற்கே போகும் வழியில் பிலடெல்பியாவில் கடன்காரர் ஒருவரால் கைது செய்யப்பட்டவர். பின்னர் வெனிசுவேலாவில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். 1827இல் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1832இல் மருத்துவத்தையே விட்டுவிட்டு நியூ ஆர்லியன்ஸில் கமிஷன் வியாபாரம் செய்து, அங்கும் கையில் காசில்லாமல் நின்றார். 1833இல் டெக்ஸஸின் பிரசோரியாவுக்கு வந்தபோதும் திரும்பிப் போகக் கப்பலில் இடம் பேசிவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் தடுத்து நிறுத்தினார்கள். ஆண்டுக்கு ஐயாயிரம் டாலர் பெறுமான தொழில் அங்கேதான் அமைந்தது. எல்லைப்புறத்தில் மருத்துவரை ஊரே அறியும். அரசியலுக்கு வேண்டிய அறிமுகமும் நம்பிக்கையும் அவருக்கு இந்தத் தொழிலிலிருந்தே வந்தன என்று கருதுகிறேன். 1836இல், மெக்சிகோவிடமிருந்து டெக்ஸஸ் விடுதலை பெற வழிசெய்த சான் ஹசின்டோ போர் நடந்தபோது படைப்பிரிவின் அறுவை மருத்துவராக இருந்துகொண்டே, காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகவே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். குடியரசின் காங்கிரஸுக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்குப் போனதும் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று முனைந்தார்.

1844 டிசம்பரில் அதிபரானவர், அமெரிக்காவுடன் இணைப்பு, மெக்சிகோவின் அங்கீகாரத்துடன் சுதந்திரம் என்ற இரண்டு வழிகளையும் திறந்தே வைத்திருந்தார். இதற்காக பிரிட்டன், பிரான்ஸ் தூதர்களுடன் பேசிய அவர், தன் மனத்தில் இருப்பதை மக்களிடம் சொல்லவில்லை. இணைப்புக்கு ஏங்கிய மக்கள் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். இரண்டையும் மக்கள் முன் வைத்ததால்தான் நல்ல பேரம் கிடைத்தது என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் வாய் திறக்காமல் ராஜதந்திரம் செய்தவர் பிறகு பாராட்டை எதிர்பார்க்க முடியுமா? 1846 பிப்ரவரி 19 அன்று ஆஸ்டினில், 'டெக்ஸஸ் குடியரசு இனி இல்லை' என்று அறிவித்துப் பதவியை விட்டு இறங்கினார். அமெரிக்க செனட்டுக்கோ, அவருக்கு முன் அதிபராக இருந்த சாம் ஹூஸ்டனும் இன்னொரு டெக்ஸஸ் தலைவரான தாமஸ் ரஸ்க்கும் போனார்கள்.

தன் சொந்த ஊரான கிரேட் பாரிங்டனின் நினைவாக, பிரசாஸ் ஆற்றங்கரைப் பகுதியில் 'பாரிங்டன்' என்று பெயரிட்ட பண்ணையில் அவர் செல்வந்தராகவே வாழ்ந்தார். அந்தச் செல்வம் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதை விட்டுவிட்டு, சுயமுயற்சியால் உயர்ந்தவர் என்று மட்டும் எழுதுவது அரைகுறைச் சரித்திரம். 1849இல் விபத்தில் இடது கை முடங்கியது; மனம் கசந்தது; ஹூஸ்டன் மீதான பகை முற்றியது. 1857இல் சட்டமன்றம் தன்னை செனட்டுக்கு அனுப்பும் என்று உறுதியாக நம்பியிருந்தவருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. மறு ஆண்டு ஜனவரியில், முன்பு குடியரசின் தலைமைச் செயலகமாக இருந்து விடுதியாக மாறிவிட்ட ஹூஸ்டன் நகரக் கட்டடத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்.