பூனை சோபாவைப் பிறாண்டாமல் இருக்க என்ன செய்வது?

பிறாண்டுதல் என்பது பூனை முன்னங்கால் நகங்களை ஒன்றில் ஊன்றி இழுப்பது. அதில் நகத்தின் பழைய மேலுறை கழன்று விழும். பாதத்தின் வாசனையும் அங்கே படியும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. அதனால்தான் சோபாவின் அதே மூலைக்கே திரும்பத் திரும்ப வருகிறது.

சுமார் 80 செ.மீ. உயரக் கட்டையில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கனமான அகலப் பலகையில் திருகாணியால் இறுக்குங்கள். ஆடினால் பூனை தொடாது; குட்டையாக இருந்தால் உடம்பை முழுதாக நீட்ட முடியாது, மறுபடி சோபாதான். கட்டையை அந்த மூலையை ஒட்டியே வையுங்கள் (பலர் கண்ணில் படாத ஓரத்தில் வைத்து வீணாக்குகிறார்கள்). சோபாவின் மூலையில், இருபுறமும் பசையுள்ள டேப்பை ஒட்டினால் போதும். பழகியபின் கட்டையைத் தினம் சில அங்குலம் நகர்த்தலாம்.

நகத்தை வெட்டிவிட்டால் பிறாண்டாது என்பது தவறு, கிழிசல்தான் குறையும்.