ஸ்லோ குக்கரில் (மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரம்) புல்டு போர்க் (இழை இழையாகப் பிய்த்த பன்றிக்கறி) செய்தால் கறி வேகிறது, ஆனால் சாஸ் நீர்த்துச் சப்பென்று ஆகிவிடுகிறது. எப்படிச் சரியாகச் செய்வது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் செய்முறை இது: பன்றிக்கறி 2 கிலோ, ஒரு பாட்டில் பார்பிக்யூ சாஸ், ஒரு கப் தண்ணீர், எல்லாவற்றையும் காலையிலேயே ஸ்லோ குக்கரில் போட்டு மூடிவிடுவது. மாலையில் கறி நன்றாகப் பிய்கிறது, ஆனால் சாஸில் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை, எல்லாம் கறியிலிருந்து இறங்கிய நீரில் கரைந்துபோய்விடுகிறது என்கிறீர்கள்.

கறியும் குக்கரும் சரியாகத்தான் இருக்கின்றன. சாஸ் சேர்க்கிற நேரம்தான் தவறு. தண்ணீர் சேர்க்கவே கூடாது.

ஸ்லோ குக்கருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மூடியில் பட்ட ஆவி திரும்பவும் உள்ளேயே சொட்டுகிறது, பெரிதாக எதுவும் வெளியே போவதில்லை. அமெரிக்காவின் கரோலினா பக்கத்தில் ஹிக்கரி மரக் கங்கில் செய்கிற அசல் பார்பிக்யூவில் நடப்பது இதற்கு நேர் எதிர். 110 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில், உலர்ந்த காற்றிலும் புகையிலும் கறி அரை நாளுக்கு மேல் கிடக்கும். மேற்பரப்பு காய்ந்து கறுத்து மொறுமொறுவென்று ஒரு பட்டை கட்டும். ஆனால் அங்கே ஒரு தொல்லை உண்டு. கறியின் உள்வெப்பம் 65, 70 டிகிரிக்கு வந்ததும் மணிக்கணக்காக அதே இடத்தில் நின்றுவிடும். மேலே ஈரம் ஆவியாகிக்கொண்டே கறியைக் குளிரவைப்பதுதான் காரணம். ஸ்லோ குக்கரில் ஆவி வெளியேறாததால் அந்தத் தேக்கம் கிடையாது, வெப்பம் சீராக ஏறும். பட்டை கட்டாததற்கும் சாஸ் நீர்த்துப்போவதற்கும் கூட அதே காரணம்தான்.

இந்தப் பாத்திரம் பிறந்ததே பீன்ஸ் வேகவைக்கத்தான். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் 1940-இல் காப்புரிமை பெற்ற கருவி 'நாக்சன் பீனரி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ரைவல் நிறுவனம் 1970-இல் அவருடைய நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டு கிராக் பாட் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தது. ஈரத்தில் வைத்து மெதுவாக மென்மையாக்குவதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. சிவக்க வைப்பதும், புகை மணம் தருவதும், சாற்றைச் சுண்டவைப்பதும் இதன் வேலை கிடையாது. அவற்றைக் குக்கருக்கு வெளியே நாம்தான் செய்யவேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அதைத்தான்.

முதலில் கறி. பன்றியின் முன் தோள்பட்டையின் மேல்பகுதி வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் பட் என்ற பெயரில் விற்பது இதுதான். அதற்குக் கீழே உள்ள பிக்னிக் துண்டும் ஆகும், ஆனால் தோலை எடுத்துவிடுங்கள். முதுகுக் கறியான லாயின் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகாக, கொழுப்பில்லாமல் இருக்கும். எட்டு மணி நேரம் வெந்தபின் வாயில் நார் நாராக வறண்டு நிற்கும், எவ்வளவு சாஸ் ஊற்றினாலும் மீளாது. தோள்பட்டை என்றால் உழைத்த சதை. சதைக்கு நடுவே கொழுப்பும் வெள்ளை ஜவ்வும் வரிவரியாக ஓடும். அந்த ஜவ்வில் இருக்கிற கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் நேரம் கொடுத்தால் மெல்ல உருகி ஜெலட்டின் ஆகிறது. பிய்த்த கறி வழுவழுவென்று உதட்டில் ஒட்டுவது அதனால்தான். முழுத் துண்டுப் பன்றிக்கறி 63 டிகிரியிலேயே சாப்பிடப் பாதுகாப்பானதுதான், ஆனால் அப்போது அதைக் கத்தியால்தான் வெட்டமுடியும். பிய்க்கவேண்டுமானால் 90-லிருந்து 96 டிகிரி வரை போகவேண்டும்.

2 கிலோ துண்டை இரண்டாகவோ மூன்றாகவோ மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். மசாலா பிடிக்க அதிகப் பரப்பு கிடைக்கும். அதைவிடச் சின்னதாக நறுக்கினால் நீள நீளமான இழைகள் கிடைக்காது, கொத்துக்கறி ஆகிவிடும்.

மசாலாவுக்கு என் கணக்கு: தூள் உப்பு 4 டீஸ்பூன், அதாவது ஏறக்குறைய 24 கிராம். பிரவுன் சுகர் 3 மேசைக்கரண்டி, பாப்ரிகா என்கிற காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள் 2 மேசைக்கரண்டி (அதில் பாதி புகையூட்டிய பாப்ரிகாவாக இருக்கட்டும்), மிளகுத் தூள், பூண்டுத் தூள், வெங்காயத் தூள் மூன்றும் தலா 2 டீஸ்பூன், கடுகுத் தூளும் சீரகத் தூளும் தலா 1 டீஸ்பூன், மிளகாய்த் தூள் உங்கள் விருப்பம். எல்லாப் பக்கமும் அழுத்தித் தேய்த்து, மூடி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். மற்ற பொடிகள் மேலேயேதான் நிற்கும், ஆனால் உப்புக்கு உள்ளே இறங்க நேரம் வேண்டும். அதற்குத்தான் இந்த ராத்திரி. நேரமில்லை என்றால் ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

குக்கரில் போடுமுன் வாணலியில் சிவக்க வறுக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வறுத்தால் நல்லதுதான், ஆனால் மசாலாவில் சர்க்கரை இருந்தால் சட்டென்று கருகிக் கசந்துவிடும். அதனால் வறுப்பதாக இருந்தால் சர்க்கரையைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைத் தேய்த்து வறுத்து, அப்புறம் சர்க்கரையைத் தூவுங்கள். என்னைக் கேட்டால், முதலில் வறுப்பதையும் கடைசியில் சிவக்கவைப்பதையும் ஒப்பிட்டால் கடைசியில் செய்வதே மேல். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குக்கரின் அடியில் இரண்டு வெங்காயத்தைத் தடித்த வில்லைகளாகப் பரப்புங்கள். அதன்மேல் கறி, கொழுப்புப் பக்கம் மேலே. ஆப்பிள் சைடர் வினிகர் அரை கப், வொர்செஸ்டர்ஷயர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி. அவ்வளவுதான் திரவம். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், பயமாகக்கூட இருக்கும். 2 கிலோ தோள்பட்டை வேகும்போது தானாகவே 2 கப்புக்கு மேல் நீரும் கொழுப்பும் விடும். சிலர் ரூட் பியர், கோலா என்று இனிப்புக் குளிர்பானம் ஒரு டின் முழுக்க ஊற்றுவார்கள். எனக்கு அது பிடிக்காது. இனிப்பைத் தவிர அதிலிருந்து பெரிதாக எதுவும் வருவதில்லை, சுண்டவைக்கவேண்டிய நீர்தான் கூடுகிறது.

'லோ'வில் 8 முதல் 10 மணி நேரம், 'ஹை'யில் 5 முதல் 6 மணி நேரம். பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்குத்தான் போய்ச் சேரும், லோ மெதுவாகப் போகும், அவ்வளவே. ஜவ்வு உருக அவகாசம் கிடைப்பதால் நான் லோவையே வைப்பேன். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த வெப்பம் மீண்டும் ஏற 15, 20 நிமிடம் ஆகும்.

வெந்ததா என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம். எலும்போடு வாங்கியிருந்தால் தோள் எலும்பைப் பிடித்து லேசாக இழுங்கள். சதை ஒட்டாமல் சுத்தமாக, வெள்ளையாகக் கையோடு வரவேண்டும். எலும்பில்லாத கறியில் முள்கரண்டியைக் குத்தி ஒரு திருப்பு திருப்புங்கள். எதிர்ப்பே இல்லாமல் இழை பிரிந்தால் ஆயிற்று. இறுக்கமாக இருந்தால் அது அதிகம் வெந்து கடினமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் இன்னும் வேகவில்லை என்றுதான் அர்த்தம். மூடி இன்னொரு மணி நேரம் விடுங்கள்.

வெந்த கறியைத் தட்டில் எடுத்து மூடி 20 நிமிடம் ஆறவிடுங்கள். முழுக்க ஆறினால் பிய்ப்பது கஷ்டம், வெதுவெதுப்பாக இருக்கும்போதே இரண்டு முள்கரண்டியால் பிரியுங்கள். பிரிக்கும்போது பொறுமையாகப் பாருங்கள்: சதைக்கட்டுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று உருகாத கொழுப்புக் கட்டிகள் இருக்கும், ஆங்காங்கே கண்ணாடி மாதிரி நரம்பு இருக்கும். அவற்றைத் தேடி எடுத்துப் போட்டுவிடுங்கள். இழைகள் சுண்டுவிரல் தடிமனில் இருந்தால் போதும். மிக்ஸர் வைத்துப் பஞ்சாக அடிப்பவர்கள் உண்டு. அப்படி அடித்த கறி சாஸ் பட்டதும் கூழாகிவிடும்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். குக்கரில் மிச்சமிருக்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். கறியின் சுவை பாதி அதில்தான் இருக்கிறது. வடிகட்டி, உயரமான பாத்திரத்தில் 10 நிமிடம் வைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும். கரண்டியால் வழித்துத் தனியாக எடுத்துவிட்டு, கீழே நிற்கிற சாற்றை அகலமான வாணலியில் ஊற்றிப் பெரிய தீயில் கொதிக்கவிடுங்கள். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்போது நிறம் கறுக்கும், கொப்புளங்கள் சின்னதிலிருந்து பெரிதாகும், கரண்டியின் பின்புறத்தில் பூசினாற்போல் நிற்கும். அந்த நிலையில் அதைத் தொட்டு நக்கிப் பாருங்கள். குக்கரில் காணாமல்போன சுவை அத்தனையும் அங்கே இருக்கும். உப்பும் கூடவே ஏறியிருக்கும் என்பதால் சாஸில் தனியாக உப்புச் சேர்க்குமுன் ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிய்த்த கறியை ஓவன் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, சுண்டிய சாற்றில் மூன்று நான்கு கரண்டி தெளித்து, ஓவனின் மேல்சூட்டில் (பிராய்லர்) 4 முதல் 6 நிமிடம் வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், ஒரு நிமிடம் கவனம் தப்பினால் கருகிவிடும். நுனிகள் பழுப்பாகி, ஓரங்கள் மொறுமொறுத்து, உள்ளே ஈரமாகவே இருக்கும். சிவந்து வரும் அந்த மணத்துக்கு 140 டிகிரிக்கு மேல் வெப்பமும் உலர்ந்த பரப்பும் வேண்டும். ஈரமான குக்கருக்குள் 100 டிகிரியைத் தாண்ட வழியே இல்லை. முழுத் துண்டை முதலில் வறுத்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் சிவக்கும், அதுவும் எட்டு மணி நேர ஈரத்தில் ஊறித் தளர்ந்துவிடும். பிய்த்தபின் வைத்தால் ஆயிரம் நுனிகள் சிவக்கும். கடைசியில் செய்வதே மேல் என்றது இதனால்தான். இந்த முழுச் செய்முறையில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

சாஸ் கடைசியில்தான், கறி சிவந்து வெளியே வந்தபிறகு. கெட்சப் ஒரு கப், சைடர் வினிகர் அரை கப், பிரவுன் சுகர் கால் கப், கடுகு பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, வொர்செஸ்டர்ஷயர் ஒரு மேசைக்கரண்டி, மிளகு, மிளகாய்த் தூள் சேர்த்து 15 நிமிடம் சிறு தீயில் வைத்தால் கான்சாஸ் சிட்டி வகையை ஒட்டிய கெட்டிச் சாஸ் கிடைக்கும். பாட்டில் சாஸ் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், சுண்டிய சாற்றை மட்டும் அதில் கலந்துவிடுங்கள். ஆனால் என் விருப்பம் வட கரோலினா. அதன் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியைச் சுட்டு, தக்காளியே சேராத வினிகரும் மிளகாயும் கலந்த சாஸ் ஊற்றுவார்கள். மேற்கே லெக்சிங்டன் ஊர்ப்பக்கம் தோள்பட்டை மட்டும்தான் சுடுவார்கள், வினிகரில் கொஞ்சம் கெட்சப் சேர்ப்பார்கள். நாமும் குக்கரில் வைப்பது தோள்பட்டைதான் என்பதால் லெக்சிங்டன் வழி இதற்குப் பொருந்தி வருகிறது. வினிகர் ஒரு கப், கெட்சப் கால் கப், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்ச் செதில் 2 டீஸ்பூன், உப்பு, மிளகு, ஒரு கொதி. இவ்வளவு கொழுத்த கறிக்கு அந்தப் புளிப்புதான் சரியான ஜோடி. இனிப்புச் சாஸோடு இரண்டாவது பன் சாப்பிடத் திகட்டுகிறவர்களும் இதோடு மூன்றாவது கேட்பார்கள்.

புகை மணத்துக்குப் புகையூட்டிய பாப்ரிகாவே ஓரளவு போதும். போதாது என்றால் லிக்விட் ஸ்மோக் அரை டீஸ்பூன், அதையும் சாஸில்தான், கடைசியில். அது ஏதோ போலி ரசாயனம் என்று ஒதுக்கவேண்டாம். மரம் எரியும் புகையைக் குளிர்வித்து நீரில் பிடித்து வடிகட்டியதுதான். அளவு மீறினால் மட்டும் சாம்பல் வாடை அடிக்கும்.

பரிமாற மென்மையான பன், மேலே கோல்ஸ்லா என்கிற முட்டைக்கோஸ் சாலட். 2 கிலோவில் எலும்பு, நீர், கொழுப்பு எல்லாம் கழிந்து பிய்த்த கறி ஏறக்குறைய 1.1 கிலோ வரும், எட்டுப் பேருக்குத் தாராளம்.

பாதுகாப்புக்குச் சில. உறைந்த கறியை அப்படியே குக்கரில் போடாதீர்கள். மெதுவாகச் சூடேறும் பாத்திரம் என்பதால் 4 முதல் 60 டிகிரி வரையிலான ஆபத்தான எல்லையில் அதிக நேரம் கிடக்கும். முதல்நாளே ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிடுங்கள். பச்சைக் கறியை உள்ளே வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும்படி டைமர் வைப்பதும் கூடாது. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் சாஸ் கலக்காமல், சுண்டிய சாறு கொஞ்சம் ஊற்றி வையுங்கள், மூன்று மாதம் வரை சுவை குறையாது. மறுபடி சூடாக்க ஸ்லோ குக்கர் ஆகாது. தனியாக எடுத்துவைத்தீர்களே, அந்தப் பன்றிக் கொழுப்பில் ஒரு கரண்டி வாணலியில் விட்டு, கறியைப் பரப்பி, கிளறாமல் அடிப்பக்கம் முறுகும்வரை விடுங்கள். பிறகு புரட்டி, எல்லாம் ஆவி பறக்கச் சூடானதும் சாஸ் ஊற்றலாம்.