ரசீது இல்லாமல் விற்ற பழைய சாமானும் 1099-கே படிவமும்

தம்பி, நீங்கள் கேட்டது இது: நியூ ஜெர்சியில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள். 2025-இல் வீடு மாறும்போது ஐந்து பழைய சாமான்களை ஈபேயில் விற்றீர்கள். லேப்டாப் 620 டாலர், டிஜிட்டல் கேமரா 410, குழந்தையின் ஸ்ட்ரோலர் 150, கிட்டார் 260, பழைய ஃபிலிம் கேமரா 240. மொத்தம் 1,680. ஜனவரியில் அந்தத் தொகையைப் போட்டு 1099-கே (விற்ற தளம் உங்கள் வசூலைக் காட்டி அனுப்பும் வரிப் படிவம்) வந்து நிற்கிறது. வாங்கிய ரசீது ஒன்றுகூட இல்லை. முழுத் தொகைக்கும் வரி கட்ட வேண்டுமா, ரசீது கேட்டால் எதைக் காட்டுவது?

முழுத் தொகைக்குக் கட்ட வேண்டியதில்லை. நான்கு சாமானுக்குச் சல்லிக்காசு வரி கிடையாது. ஃபிலிம் கேமராவுக்கு மட்டும் சொற்பமாக ஏதோ வரும். ஆனால் படிவத்தைக் கிடப்பில் போட்டுவிடாதீர்கள். அதன் நகல் அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் கையிலும் இருக்கிறது.

"20,000 டாலர் தாண்டினால்தானே இந்தப் படிவம் வரும்" என்று ஆபீஸில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மத்திய அரசு கணக்குக்கு அது சரிதான்: 20,000 டாலருக்கு மேல், கூடவே 200 பரிவர்த்தனைக்கு மேல். 2021-இல் வந்த சட்டம் அதை 600 டாலராகக் குறைத்தது. வருடா வருடம் தள்ளிப்போட்டே வந்தார்கள். கடைசியில் 2025 ஜூலையில் புதுச் சட்டம் போட்டுப் பழைய 20,000-க்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் மாநிலங்கள் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. உங்கள் நியூ ஜெர்சியில் 1,000 டாலர். மேரிலாந்து, வர்ஜீனியா, மாசசூசெட்ஸில் 600. அதனால்தான் உங்களுக்கு வந்தது, டெக்சாஸில் இருக்கும் உங்கள் நண்பருக்கு வரவில்லை. படிவம் வருவது வேறு, வரி வருவது வேறு. படிவம் வராவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு. வந்தாலும் லாபம் இல்லையென்றால் வரி இல்லை.

ஊரில் இந்தத் தலைவலி கிடையாது. இந்திய வருமான வரிச் சட்டத்தில் சொந்த உபயோகப் பொருட்கள் மூலதனச் சொத்துக் கணக்கிலேயே வராது. நகை, ஓவியம் மாதிரி சிலதுதான் அந்தக் கணக்கில் வரும். இங்கே சோபாவும் சொத்துதான். வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றால் லாபத்துக்கு வரி, குறைத்து விற்றால் நஷ்டத்தை எங்கேயும் கழிக்க முடியாது. அதாவது லேப்டாப்பில் 700 டாலர் போனதே, அதைக் காட்டி ஃபிலிம் கேமரா லாபத்தைக் குறைக்க முடியுமா என்றால், முடியாது. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒருதலைப்பட்சமான சட்டம்தான், என்ன செய்வது.

இப்போது ரசீது விஷயம். ஐஆர்எஸ் கேட்பது கடை ரசீதையே அல்ல, வாங்கிய விலைக்கு நம்பும்படியான ஆதாரத்தை. உங்கள் ஐந்து சாமானுக்கும் அது வெவ்வேறு விதமாகக் கிடைக்கும்.

லேப்டாப்பும் டிஜிட்டல் கேமராவும் சுலபம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் ஆர்டர் பட்டியலில் இன்னும் இருக்கும். கடையில் வாங்கியிருந்தால் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட். அதில் பொருளின் பெயர் இருக்காது, கடைப் பெயரும் தேதியும் தொகையும்தான் இருக்கும். என்னுடைய ஒரு மானிட்டருக்கு இப்படித்தான் தேடினேன். ஸ்டேட்மென்டில் வெறும் கடைப் பெயர். அதே தேதிக்கு ஃபோன் கேலரியில் போனால், பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்து எடுத்த படம் இருந்தது, பெட்டியில் மாடல் எண்ணோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறென்ன வேண்டும்? மின்னஞ்சலில் கடைப் பெயரையும் 'ஆர்டர்' என்ற சொல்லையும் போட்டுத் தேடுங்கள், வாரண்டிக்குப் பதிவு செய்த மெயிலாவது சிக்கும். எதுவுமே இல்லாவிட்டாலும் அந்த மாடல் வெளிவந்தபோது விற்ற விலை தயாரிப்பாளரின் பழைய பக்கங்களில் கிடைக்கும். மூன்று வருடம் அடித்து உழைத்த லேப்டாப்பை லாபத்துக்கு விற்றான் என்று எந்த அதிகாரியும் நினைக்கப்போவதில்லை.

ஸ்ட்ரோலரை ஊர் திரும்பிய நண்பர் சும்மா கொடுத்துவிட்டுப் போனார் என்றீர்கள். புதிதாக வருகிறவர்கள் வீட்டில் பாதி சாமான் இப்படி வந்ததுதான். "சும்மா வந்ததாயிற்றே, 150-உம் லாபம்தானே" என்று பயப்படாதீர்கள். அன்பளிப்பாக வந்த பொருளுக்கு, கொடுத்தவர் வாங்கிய விலையே உங்கள் விலை. அவர் 400 கொடுத்து வாங்கியிருந்தால் உங்களுக்கும் 400. அவரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: எந்த வருடம், எங்கே, எவ்வளவு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கிட்டாரில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2019-இல் சென்னையில் 22,000 ரூபாய்க்கு வாங்கியது என்கிறீர்கள். இன்றைய மாற்று விகிதத்தில் போட்டால் சுமார் 250 டாலர்தான் வரும், 260-க்கு விற்றதில் லாபம் மாதிரித் தெரியும். அப்படிப் போடக்கூடாது. வாங்கிய காலத்து விகிதத்தில்தான் மாற்ற வேண்டும். 2019-இல் ஒரு டாலர் ஏறக்குறைய 70 ரூபாய். ஆக வாங்கிய விலை 314 டாலர். நஷ்டத்துக்குத்தான் விற்றிருக்கிறீர்கள், வரி இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த எந்தப் பொருளுக்கும் இதே கணக்கு. ரூபாய் விழ விழ, இன்றைய விகிதத்தில் போடுகிறவர்கள் இல்லாத லாபத்துக்கு வரி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஃபிலிம் கேமராவை இரண்டு வருடம் முன்பு ஒரு கராஜ் சேலில் 70 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினீர்கள். ரசீதுக்கு வழியே இல்லை. ஈபே கட்டணமும் தபால் செலவும் சேர்ந்து 45 என்று எழுதியிருந்தீர்கள். 1099-கேயில் வருவது மொத்த வசூல். கட்டணம், தபால் எதுவும் கழிக்காத தொகை. அதனால்தான் அது உங்கள் வங்கிக்கு வந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. அந்தச் செலவை நீங்கள்தான் கழித்துக்கொள்ள வேண்டும். 240-இல் 70-உம் 45-உம் போனால் லாபம் 125. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகால லாபம், உங்கள் அளவு சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த லாபத்தில் 15 சதவீதம் வரி. மத்திய வரி இருபது டாலருக்கும் குறைவு.

அந்த 70 டாலரை நிரூபிக்கவே முடியாவிட்டால்? வாங்கிய விலையைப் பூஜ்யம் என்று வைத்துவிடலாம் என்பதுதான் ஐஆர்எஸ்ஸின் பிடி. அப்போது லாபம் 195, வரி கூடுவது பத்து டாலர் சில்லறை. இதற்காக ஒரு சனிக்கிழமையைச் செலவழிப்பது உங்கள் இஷ்டம். அன்றைக்கு ஏடிஎம்மில் பணம் எடுத்த பதிவோ, மனைவிக்கு "70-க்கு ஒரு கேமரா பிடித்தேன்" என்று அனுப்பிய செய்தியோ இருந்தால் அதை ஒட்டி 70 என்று போடுங்கள். நியாயமான மதிப்பீட்டுக்கு நீதிமன்ற ஆதரவும் உண்டு. ஜார்ஜ் எம். கோஹன் என்ற பிராட்வே நாடகக்காரர் ரசீதே இல்லாமல் செலவுக் கணக்கு காட்டினார். 1930-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், செலவு நடந்தது தெரியும்போது ஒன்றுமே அனுமதிக்காமல் விடுவது தவறு, தோராயமாகவாவது கணக்கிட வேண்டும் என்றது. கூடவே, கணக்கு வைக்காதது அவர் தவறு என்பதால் மதிப்பீட்டில் அவருக்குக் கறாராக இருக்கலாம் என்றும் சொன்னது. காற்றில் பிடித்த எண்ணுக்கு அது உதவாது, ஒரு பிடிமானமாவது இருக்க வேண்டும்.

ரிட்டர்னில் எங்கே காட்டுவது? அதோடு இணைக்கும் ஷெட்யூல் 1-இன் உச்சியிலேயே, 1099-கேயில் வந்த தொகையில் நஷ்டத்துக்கு விற்ற சொந்தச் சாமான்களுக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 1,440 போடுங்கள். மீதி 240-ஐ, சொத்து விற்பனையைப் பட்டியலிடும் 8949 படிவத்தில் ஃபிலிம் கேமரா என்று எழுதி, விலையும் செலவும் காட்டி, மூலதன லாபத்தைக் கூட்டும் ஷெட்யூல் டி-க்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் கூட்டினால் 1,680, ஐஆர்எஸ் கணக்கோடு டாலர் பிசகாமல் பொருந்தும். சாஃப்ட்வேரில் செய்கிறவராக இருந்தால், இந்த 1099-கே எந்த வகை என்று கேட்கும் இடத்தில் கவனம். சொந்தச் சாமான் விற்றது என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் வியாபாரம் என்று தட்டிவிட்டால் சொந்தத் தொழில் கணக்குக்கான ஷெட்யூல் சி-க்குப் போய்விடும். லாபம் காட்டினால் 15.3 சதவீத சுயதொழில் வரி வேறு. அதைவிட மோசம், ஹெச்-1பிக்காரர் சொந்தத் தொழில் நடத்துவதாகத் தன் கையாலேயே அரசுக்கு எழுதிக் கொடுத்தது போலாகும்.

ஆதாரங்களை ரிட்டர்னோடு அனுப்ப வேண்டாம். ஒரு தாளில் பொருள், வாங்கிய வருடம், இடம், விலை, எதை வைத்துச் சொல்கிறோம், விற்ற தேதி, தொகை என்று கோடு போட்டு எழுதி, ஸ்கிரீன்ஷாட்களோடு ஒரே ஃபோல்டரில் குறைந்தது மூன்று வருடம் வையுங்கள். எப்போதாவது சிபி2000 என்ற கடிதம் வந்தால் அது தண்டனை அல்ல, "எங்களிடம் இருக்கும் தொகை உங்கள் ரிட்டர்னில் இல்லையே" என்ற கேள்வி. கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்குள், வழக்கமாக 30 நாள், அந்தத் தாளின் நகலோடு பதில் போட்டால் ஆயிற்று. பதில் போடாமல் விட்டால்தான் அவர்கள் போட்ட வரியே நிலைத்துவிடும்.

ஈபே சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டதற்குத் தயங்கியதாகச் சொன்னீர்கள். கொடுத்துவிடுங்கள். கொடுக்க மறுத்தால் வசூலில் 24 சதவீதம் பிடித்தம் செய்ய இடமிருக்கிறது.

மனைவி ஹெச்-4 (உங்கள் விசாவைச் சார்ந்த குடும்ப விசா), வேலை அனுமதி இல்லை, க்ளியரன்ஸில் வாங்கி ஆன்லைனில் விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டுப் பழைய சாமானை விற்பது வேறு, விற்பதற்கென்றே வாங்குவது வேறு. இரண்டாவது வியாபாரம், அது விசா சமாச்சாரம். குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் ஒரு பொருள்கூட வாங்க வேண்டாம்.

கடைசியாக, கல்யாண நகையில் கொஞ்சத்தை விற்கலாமா என்ற யோசனை. ரசீது தேடி அலைவது இதற்குத்தான் தகும். தங்கம் ஏறியிருக்கும் ஏற்றத்துக்கு லாபம் நிச்சயம், நீண்டகாலத் தங்கத்துக்கு உச்சவரம்பு 28 சதவீதம். பெற்றோர் போட்ட நகை என்றால் அவர்கள் வாங்கிய அன்றைய விலை, அன்றைய டாலர் விகிதத்தில். பாட்டி இறந்து வாரிசாக வந்தது என்றால் இறந்த தேதியின் சந்தை மதிப்பு, அது உங்களுக்குப் பெரிய சாதகம். விற்பதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லி, பீரோவில் இருக்கும் நகைக்கடை பில்லை ஃபோனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எடை, தேதி, தொகை மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய பில்லில் மை மங்கிவிடும், தள்ளிப்போடாதீர்கள்.