ஒலிப்பொறியியல் கற்கப் பட்டம் வேண்டுமா? – கேள்வி பதில்

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். ஒலிப்பொறியாளர் ஆக வேண்டும் என்கிறாள். ஒரு தனியார் நிறுவனம் ஓராண்டுப் படிப்புக்குப் பல லட்சம் கேட்கிறது. கடன் வாங்கிச் சேர்க்கலாமா? – ஒரு தாய், மதுரை

கடனுக்கு முன் அரசு நிறுவனங்களைப் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. கட்டணமும் தனியாரிடம் கேட்பதைவிட மிகக் குறைவு. பட்டம் ஒன்றை முடித்தபின் புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் பிரிவுக்கும் முயலலாம். ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வென்ற ரசூல் பூக்குட்டி இயற்பியல் பட்டத்தோடு அங்கே சேர்ந்தவர்தான். தனியார்தான் என்று முடிவானால், விளம்பரத்தில் உள்ள கன்சோலின் (ஒலிகளைக் கலக்கும் மேசையின்) விலையைக் கேட்டு மயங்க வேண்டாம். அந்தக் கன்சோலின் முன் உங்கள் மகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனியே உட்காரலாம், அவள் செய்த மிக்ஸை (பல ஒலிகளைச் சேர்த்த கலவையை) யார் கேட்டுத் திருத்துவார் என்ற இரண்டையும் அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடமே விசாரியுங்கள்.

பெரிய ஒலிப்பொறியாளர்கள் பலர் இதற்கெனக் கல்லூரியில் படிக்கவே இல்லையே, ஐயா? – கல்லூரி மாணவர், சேலம்

உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லோரும் தாமாகவே கற்றவர்கள் என்று சொல்வது பாதி உண்மை. ஜெஃப் எமெரிக் பதின்பருவத்திலேயே, 1962இல், லண்டன் இஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, 1966இல் தம் 20ஆம் வயதில் பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பொறியாளர் ஆனார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மூத்தவர்களின் அருகிலேயே இருந்து, அவர்கள் மைக் வைப்பதைப் பார்த்தார். அது பட்டம் தராத கல்லூரி. கூடங்கள் சுருங்கி, ஒரே மடிக்கணினியில் வேலை முடிந்துவிடும் இக்காலத்தில் அத்தகைய உதவியாளர் இடங்கள் அரிதாகிவிட்டன. படிப்புகளுக்கு இவ்வளவு கிராக்கி ஏற்பட அதுவும் ஒரு காரணம்.

சூசன் ராஜர்ஸின் வாழ்க்கை இன்னும் தெளிவாகக் காட்டும். மின்னணுவியலைத் தாமே படித்துக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்த அவர், 1983இல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸிடம் சேர்ந்து அவருடைய ஒலிப்பொறியாளரானார். அந்த வேலைக்கு யாரும் பட்டம் கேட்கவில்லை. பிற்காலத்தில் இசையை மனம் எப்படி உணர்கிறது என்று ஆராய விரும்பியபோதுதான் அவர் பல்கலைக்கழகம் சென்று, கனடாவின் மெக்கில்லில் முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார்.

மூன்று ஆண்டுகளாக யூடியூப் பார்த்தே மிக்சிங் கற்கிறேன். அறையில் நன்றாகக் கேட்பது காரில் பொம்மென்று அடைக்கிறது. முறையாகப் படிக்காததுதான் காரணமா? – கோவை

உங்கள் அறை பத்தடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிரான இரு சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில் ஒரு நிலை அலை (இடம் நகராமல் நிற்கும் ஒலி அலை) உருவாகும். சுவரோரத்தில் அது உரக்கக் கேட்கும், சரிநடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். நடுவில் நாற்காலி போட்டிருப்பவருக்கு பேஸ் கிதார் மெலிந்து கேட்பதால் அதை ஏற்றுவார். அந்தப் பள்ளம் இல்லாத காரில் ஏற்றியது முழுவதும் வெளிப்படும். ஒரு அங்குல ஃபோம் ஒட்டுவது இந்த அலையை ஒன்றும் செய்யாது, அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு சைன் ஒலியை (கலப்பில்லாத ஒற்றைச் சுரத்தை) ஓட்டிவிட்டு, நாற்காலியை முன்னும் பின்னும், தேவைப்பட்டால் பக்கவாட்டிலும் நகர்த்திக் கேளுங்கள். எந்தச் சுரமும் காணாமல் போகாத இடத்தில் உட்காருங்கள்.

நல்ல ஆசிரியர் இதை முதல் மாதத்திலேயே சொல்லியிருப்பார். காணொளிகளில் இந்தச் செய்தி இல்லாமல் இல்லை. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பது தெரியாதவருக்கு அது கண்ணில் படாது. எனவே படிப்பில் சேராவிட்டாலும், உங்கள் வேலையை மாதம் ஒருமுறையாவது கேட்டுக் குறை சொல்லும் மூத்தவர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். புதிய ப்ளக்-இன் மென்பொருள் வாங்குவதைவிட அதுவே அவசரம்.

மின்னணுவியல் பொறியியல் படிக்கிறேன். விட்டுவிட்டு ஒலிப்பதிவுக்கு மாறலாமா? – திருச்சி

வேண்டாம். முடித்துவிடுங்கள். கன்சோலும் ஒலிபெருக்கியும் வடிவமைக்கும் நிறுவனங்களும் வானொலியின் பொறியியல் பிரிவும் கேட்பது இந்தப் பட்டத்தைத்தான். மைக்கேல் ஜாக்சனுக்கு ஒலிப்பதிவு செய்த புரூஸ் ஸ்வீடியன் மின்பொறியியல் படித்தவர்.

பத்தாவதோடு நிறுத்திவிட்டு சவுண்ட் சர்வீஸில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இனிமேல் பட்டம் வாங்குவதால் பயன் உண்டா? – திருநெல்வேலி

மேடையில் உங்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. வெளிநாட்டு வேலை விசா, அரசுப் பணி, கல்லூரியில் கற்பித்தல் ஆகியவை உங்கள் இலக்கில் இருந்தால் மட்டும் தொலைநிலைக் கல்வியை யோசியுங்கள். இல்லையெனில், கைப்பழக்கத்தில் செய்துவருவதன் கணக்கைக் கற்பதே சம்பளத்தை உயர்த்தும். கூட்டத்தின் நடுவே மேடையிலிருந்து 35 மீட்டரில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைத்தால், 30 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்வதால், அதற்கு 100 மில்லிவிநாடி டிலே (தாமதம்) கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். காதால் தேடி இந்த எண்ணுக்கு வருபவரைவிட, அளவுநாடாவோடு வந்து ஒரு நிமிடத்தில் அமைப்பவரையே பெரிய நிகழ்ச்சிகளுக்கு அழைக்கிறார்கள். கன்சோல்களை நெட்வொர்க் கேபிளில் இணைக்கும் டான்டே முறைக்கு அதை உருவாக்கிய நிறுவனமே இணையவழியில் இலவசப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.